தொண்ணூறு பாகை

மயக்கம் தெளிந்து கண் திறந்தால்
முன்னால் ஒரு மொட்டைத் தலை.
டொக்டர் ப்ரிங்க்மன் குனிந்து
என் முழங்கால் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முடிச்சுப் போடவே கூடாதென்று
ஊரெல்லாம் சொல்லிவந்த இரண்டும்
வுப்பெர்டாலில், ஒரு செவ்வாய்க்கிழமை,
இருபத்தாறு கிளிப்பில் பொருந்திவிட்டன.
என்ன சிரிப்பு என்று தாதி கேட்டாள்.
அதை ஜெர்மனில் சொல்ல எனக்கு
இன்னுமொரு முப்பது வருடம் வேண்டும்.

சேரும்போது ஒரு படிவம் தந்திருந்தார்கள்.
மூட்டைத் தேய்த்த விளையாட்டு எது?
பனிச்சறுக்கு. உதைபந்து. டென்னிஸ். வேறு.
வேறு என்பதில் புள்ளடி போட்டேன்.
காப்புறுதிக் கந்தோர், நான்கு மாடி, பத்தொன்பது வருடம்.
சுவரும் தரையும் சேரும் அந்த ஒரு விரல் அகலத்துக்கு
இயந்திரம் எட்டாது.
எந்த அணிக்கு ஆடினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெட்டிய எலும்பு எங்கே என்று கேட்டேன்.
எரித்துவிடுவார்களாம்.
என்னில் ஒரு கைப்பிடி
எனக்கு முந்தியே போய்விட்டது.
துடக்குக் காக்க வேண்டுமா என்று
அக்காவிடம் ஃபோனில் கேட்டேன்.
வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாளிலிருந்து வாழ்க்கை பாகைக் கணக்கில்.
காலையில் ஐம்பத்தெட்டு. பின்னேரம் அறுபத்தொன்று.
தொண்ணூறு வந்தால்தான் வீடு.
மோட்டார் தொட்டில் என் காலை மடக்கி, நீட்டி, மடக்கி,
யாருக்கோ மா அரைத்துக்கொண்டிருந்தது.
பக்கத்துக் கட்டில் ஃப்ராவ் லோடர்,
வயது எண்பத்திரண்டு, பாகை எழுபத்தொன்பது.
இரவில் தன் ஐஸ் பொதியை எனக்குத் தள்ளிவிடுவாள்.
நான் எண்பதைத் தொட்ட அன்று
ஜாம் கேட்டேன், தரவில்லை.

ஹென்னிங் என்ற பெடியன்தான் அழுத்துகிறவன்.
அவன் அழுத்த அழுத்த நான் தமிழில் திட்டுவேன்.
இரண்டு சொல் பழகிவிட்டான்.
உச்சரிப்பு மோசமில்லை.
மற்ற அறைகளிலும் அதைச் சொல்லித்தான்
மூச்சை விடச் சொல்கிறானாம்.

படிக்கு ஒரு மந்திரம் தந்தான்:
ஏறும்போது நல்ல கால் முந்தி,
இறங்கும்போது கெட்ட கால் முந்தி.
எது கெட்ட கால், ஹென்னிங்?
வலதுக்குள் புது உலோகம், ஒரு பாவமும் அறியாதது.
இடதுதான் இன்னும் அந்தக் கந்தோரில்
மண்டியிட்டபடி இருக்கிறது.

வீட்டில், காலை ஆறரைக்கு,
இறுக்கமான வெள்ளைக் காலுறையோடு
என் முன்னால் மண்டியிடுகிறார் இன்பநாதன்.
முப்பத்துநாலு வருடத்தில்
அவருடைய உச்சியை நான் இப்படிப் பார்த்ததில்லை.
இரண்டு யூரோ அளவில் ஒரு வழுக்கை.
குதியைத் தாண்டி இழுக்க அவருக்கு மூச்சு வாங்கியது.
மேசையைப் பிடித்து எழும்பினார்.
கடக்.

எனக்குத் தெரிந்த சத்தம்.
தரைப்பலகைதான் குற்றவாளி என்பதுபோல
அதைக் குனிந்து பார்த்தார்.
நானும் தரைப்பலகையைப் பார்த்தேன்.

ஏழாம் கிழமை தனியே வெளிக்கிட்டேன்.
எங்கள் வாசலிலிருந்து தெருவுக்கு எண்பத்தாறு படி.
இந்த நகரத்தைக் கட்டியவர்களுக்கு
முழங்கால் நொந்ததே இல்லைப் போல.
பொல்லு, கெட்டது, நல்லது.
பொல்லு, கெட்டது, நல்லது.
நாற்பத்தொன்றில் நின்றேன்.
கீழே ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில்,
கால் ஊன்றாமல், எதையும் மடக்காமல்,
வளைவில் கொஞ்சம் ஆடிக்கொண்டு போனது.
பொறாமையாக இருந்தது.

பியர் பெட்டியைத் தோளில் வைத்த ஒருவன்
மன்னிப்புக் கேட்டு என்னை முந்தினான்.
நூற்றிரண்டு, என்றேன் அவனிடம்.
ஏன் சொன்னேனோ.
அவன் இரண்டு படி கீழே நின்று
என்னை ஏற இறங்கப் பார்த்து
வயதுக்கு நம்பவே முடியவில்லை, வாழ்த்துகள், என்றான்.

மிச்சம் நாற்பத்தைந்து.